தலைப்புக்குத் தனிக் கட்டணம்: பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் ஆய்வேட்டுக் கடை

பழைய வண்ணாரப்பேட்டையில், தியாகராயக் கல்லூரி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு சந்தில், ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து பைண்டிங் போட்டுத் தரும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. ஜெராக்ஸ், பிரிண்ட், ஸ்பைரல், தங்க எழுத்து பதித்த கெட்டி அட்டை என்று மற்றக் கடைகளில் உள்ள எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் சுவரில் ஒட்டியிருக்கும் விலைப்பட்டியலின் கடைசி வரியை நான் வேறெந்தக் கடையிலும் பார்த்ததில்லை: ‘தலைப்புத் திருத்தம்: கட்டுரைக்கு ரூ. 250, ஆய்வேட்டுக்கு ரூ. 600.’ கூட்டம் சேர்ந்தால் நிதானமாக உட்கார்ந்து பேச முடியாது என்பதால் கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அந்தப் பகுதியின் கல்லூரி மாணவர்களிடம் கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள்.

நான் தண்டையார்பேட்டையில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களிடம் பேசி எழுதிய கட்டுரை ஒன்றை ஓர் இதழுக்கு அனுப்பியிருந்தேன். கட்டுரையின் உள்ளே எந்தக் குறையையும் சுட்டாமல், ‘தலைப்பிலிருந்து ஆய்வுப்பொருள் புலப்படவில்லை’ என்ற ஒற்றை வரியோடு அது திரும்பி வந்தது. அந்த ஒரு வரிக்காக இரண்டு வாரம் மனம் நொந்திருந்தேன். உடன் பணியாற்றும் கணித ஆசிரியை ஒருவர்தான் இந்தக் கடைக்குப் போகச் சொன்னார்.

உரிமையாளர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராக வேலை பார்த்தவர். கடையின் முன்பகுதியைத் தட்டச்சு செய்யும் இளைஞர்கள் இருவர் கவனித்துக்கொள்ள, அவர் உள்ளே ஒரு மர மேசையில் அமர்ந்திருப்பார். முதலில் ஆய்வுச்சுருக்கத்தைக் கேட்டு வாங்கி, வரி வரியாகப் படித்து முடித்த பிறகே தலைப்பைப் பார்ப்பார். சுருக்கம் இல்லாமல் தலைப்பை மட்டும் நீட்டுகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். நான் அங்கிருந்த போதே, மறுநாள் கருத்தரங்கு என்று அவசரப்பட்ட ஒரு மாணவரிடம் பணம் வாங்க மறுத்து, “சுருக்கத்தை எழுதிக்கொண்டு வாங்க தம்பி, ராத்திரி எட்டரை வரைக்கும் இங்கேதான் இருப்பேன்” என்று அனுப்பி வைத்தார்.

என்னுடைய தலைப்பு இது: ‘வடசென்னை மீனவப் பெண்களின் கடனும் வாழ்வியல் சிக்கல்களும் – ஓர் ஆய்வு.’ இப்படியொரு தலைப்பில் தவறு என்ன இருக்க முடியும் என்றுதான் நானும் நினைத்தேன். தமிழ் ஆய்விதழ்களின் பொருளடக்கத்தைப் புரட்டினால் பாதிக்கு மேல் இந்த அச்சில்தான் இருக்கும். ஐயா அதை ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வந்தார். ஆய்விதழில் வருவதெல்லாம் ஆய்வுதான்; ‘ஓர் ஆய்வு’ என்பதை எடுத்துவிட்டால் என்ன குறைகிறது என்று கேட்டார். ஒன்றும் குறையவில்லை. வாழ்வியல் சிக்கல்கள் என்றால் குடும்பம், உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அடங்குமே, சுருக்கத்தில் பணத்தைத் தவிர வேறெதுவும் இல்லையே என்றார். அதுவும் போயிற்று. மிஞ்சியவற்றுள் ‘கடன்’ என்ற சொல்லின் கீழ்ப் பென்சிலால் கோடிட்டு, “டீச்சர், இது அவங்க வாங்குகிற கடனா, கொடுக்கிற கடனா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. காசிமேட்டில் கூடை வைத்து விற்கும் பெண்கள் ஏலத்தில் மீன் எடுக்கக் கடன் வாங்குகிறார்கள். அதே பெண்கள் வாடிக்கை வீடுகளுக்கு மீனைக் கடனுக்குக் கொடுத்து, மாதச் சம்பளம் வந்ததும் வசூல் செய்கிறார்கள். என் கட்டுரை முதலாவதைப் பற்றியது. தலைப்போ இரண்டுக்கும் பொருந்திக்கொண்டிருந்தது. “மூன்றாவதும் ஒன்று உண்டு” என்று அவரே தொடர்ந்தார். கடமையையும் கடன் என்பது தமிழ். புறநானூற்றின் 312ஆம் பாடல், தாய்க்கு இது கடன், தந்தைக்கு இது கடன் என்று அடுக்கிச் சொல்வது அந்தப் பொருளில்தான். தமிழிலக்கியக் கட்டுரைகளும் சமூகவியல் கட்டுரைகளும் ஒரே இதழில் வரும் நம் சூழலில், பெண்களின் கடன் என்ற தொடரைப் பார்க்கும் வாசகர் எந்தப் பொருளை எடுத்துக்கொள்வார் என்று எழுதுகிறவர்தான் முன்கூட்டி யோசிக்க வேண்டும் என்றார். நான் நான்கு ஆண்டுகளாகப் புழங்கிவந்த சொல் அது. அதற்கு மூன்று முகம் இருப்பதை அந்த மேசையின் முன்னால்தான் கண்டேன்.

‘மீனவப் பெண்கள்’ என்பதும் நிற்கவில்லை. அந்தச் சந்தையில் சில்லறையாக மீன் விற்கும் பெண்கள் அனைவரும் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். என்னிடம் பேசியவர்களிலேயே அப்படி அல்லாதவர்கள் இருந்தார்கள். தொழிலைச் சொல்ல வேண்டிய இடத்தில் சமூகத்தைச் சொல்லியிருந்தேன். அடுத்து ‘வடசென்னை’. தேர்தல் கணக்கில் வடசென்னை மக்களவைத் தொகுதி என்பது திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது. பேச்சு வழக்கிலோ ஒருவருக்கு அது ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை வரை; இன்னொருவருக்கு எண்ணூர், மணலி வரை நீளும். ஒரே ஒரு சந்தையில் ஆய்வு செய்துவிட்டு இவ்வளவு பெரிய நிலப்பரப்பைத் தலைப்பில் போர்த்திக்கொள்வது நேர்மையன்று என்பதை அவர் கடுமையாகவே சொன்னார். இங்கே பிறந்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு வடசென்னை என்ற சொல்லின்மேல் உள்ள பற்று அவருக்கும் உண்டு, அவரும் கல்மண்டபத்துக்காரர்தான். அந்தப் பற்றை நன்றியுரையில் எழுதிக்கொள்ளலாம் என்றார்.

இதுவரை நடந்ததை நல்ல ஆய்வு நெறியாளர் எவரும் செய்துவிடுவார் என்று ஒருவர் சொல்லலாம். அடுத்துச் செய்ததை நான் வேறெங்கும் கேட்டதில்லை. நீக்கியவை போக மீந்த பொருளைக் கொண்டு நான் ஒரு புதிய தலைப்பை எழுதினேன்: ‘காசிமேட்டுச் சந்தையில் சில்லறையாக மீன் விற்கும் பெண்கள் மீன்பிடித் தடைக்காலத்தில் வாங்கும் கடன்.’ தெளிவாகத்தான் இருந்தது. அவர் ஓர் அடிக்கோலை எடுத்துத் தாளின் வலப்பாதியை மறைத்தார். ‘காசிமேட்டுச் சந்தையில் சில்லறையாக மீன் விற்கும்’ என்பதோடு வரி நின்றுவிட்டது. கைப்பேசியில் தேடும்போது இவ்வளவுதான் தெரியும் என்றார். ஆங்கிலத்தில், பேசப்படும் பொருளைக் குறிக்கும் தலைமைச் சொல் முன்னால் வந்து, அதை விளக்கும் சொற்கள் பின்னால் தொடரும். நம் மொழியில் விளக்கங்கள் எல்லாம் முன்னால் வரிசைகட்டி நிற்க, தலைமைச் சொல் கடைசியில்தான் வந்து சேரும். எனவே தமிழில் நீண்ட தலைப்பு எழுதுகிறவர் ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே முக்கியமான சொல்லை வால்நுனியில் வைத்துவிடுகிறார். ஆங்கிலக் கையேடுகளைப் பார்த்து ‘முக்கியச் சொற்களை முதலில் எழுதுக’ என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். தமிழின் தொடரமைப்பில் அதை எப்படிச் செய்வது என்று சொல்லித் தருவதில்லை.

முக்காற்புள்ளியில் (:) அவர் வழி கண்டிருக்கிறார். தலைமைச் சொல்லைக் கொண்டு முடியும் சிறு தொடரை முன்னால் நிறுத்தி, முக்காற்புள்ளி இட்டு, இடமும் மக்களும் முறையும் ஆண்டும் பின்னால் வரச் செய்வது. அரை மணி நேர அடித்தல் திருத்தலுக்குப் பின் நாங்கள் வந்து சேர்ந்த தலைப்பு இது: ‘மீன்பிடித் தடைக்காலத்தில் வாங்கும் கடன்: காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களிடம் எடுத்த நேர்காணல்கள், 2024.’ கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் அடுப்பு எரிவதற்கும் பழைய தவணை கட்டுவதற்கும் அந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பதே என் கட்டுரை. அதை வலப்பாதியை மறைத்த பிறகும் இப்போது தலைப்பு சொல்லிவிடுகிறது. தேதிகளையும் தலைப்பிலேயே கொடுக்கலாமா என்று கேட்டேன். தடைக்காலம் என்றாலே இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும், மற்றவர்களுக்குச் சுருக்கத்தின் முதல் வரி இருக்கிறது என்றார். காசிமேட்டின் பெயர் பழைய ஆங்கில ஆவணங்களில் வேறு எழுத்துக்கூட்டலில் வருவதால், அந்த வடிவத்தையும், தேடலுக்கு உதவும் திறவுச்சொற்களில் சேர்க்கச் சொன்னார். ‘மீன்பிடித்’ என்பதில் நான் விட்டிருந்த ஒற்றையும் போட்டுக் கொடுத்தார்.

நீளத்தைப் பற்றி அவருக்கு உறுதியான கருத்து இருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக்கையேடு ஆறாம் பதிப்பு வரை தலைப்புக்குப் பன்னிரண்டு சொல் என்று பரிந்துரைத்தது. ஏழாம் பதிப்பு அந்த எண்ணிக்கையை எடுத்துவிட்டு, சுருக்கமாகவும் குவிவாகவும் இருக்கட்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஆயினும் நம் துறைகள் பலவற்றில் பன்னிரண்டு என்ற எண் இன்னும் சட்டம்போல நடமாடுகிறது. வேற்றுமை உருபும் சாரியையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் தமிழில் சொற்களை எண்ணுவதால் பயனில்லை என்பது அவர் கட்சி, எழுத்தளவைத்தான் பார்க்கிறார். இது சரியென்றே எனக்கும் படுகிறது. தலைப்பு குட்டையாக இருந்தால் போதும் என்றும் அவர் சொல்வதில்லை. என்னை அங்கே அனுப்பிய கணித ஆசிரியை தம் கட்டுரைக்கு மூன்றே சொல்லில் தலைப்பு வேண்டும் என்று கேட்டபோது, சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 1912இல் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்த ராமானுஜன் 1915இல் வெளியிட்ட கட்டுரைக்கு ‘ஹைலி காம்போசிட் நம்பர்ஸ்’ என்று மூன்று சொல்தான் தலைப்பு என்பதை ஐயாவே நினைவூட்டியிருக்கிறார். அந்த மூன்று சொல்லும் சேர்ந்து ஒரு புதிய வகை எண்ணுக்கே பெயராயின. கட்டுரை முழுவதும் அந்த எண்களைப் பற்றியது. பெயர் வைக்கும் அளவுக்குப் புதுப்பொருள் கையில் இருந்தால் மூன்று சொல் போதும், இல்லையேல் எதைப் பற்றி, எங்கே, எப்படி என்று சொல்லத்தான் வேண்டும் என்பது அவர் கொடுத்த விளக்கம்.

நான் காத்திருந்த மற்றொரு நாளில் வேதியியல் மாணவி ஒருவர் ‘எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கசிவின் விளைவுகள்’ என்ற தலைப்போடு வந்தார். எந்தக் கசிவு என்பதுதான் முதல் கேள்வி. காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது 2017 ஜனவரியில். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் பரவியது 2023 டிசம்பரில். ஆண்டு இல்லாத தலைப்பு இரண்டையும் குழப்பிவிடும். இரண்டாவது கேள்வி ‘விளைவுகள்’ பற்றியது. கசிவுக்கு முன் எடுத்த சேற்று மாதிரி இருக்கிறதா என்று ஐயா கேட்டார். இல்லை, பின்னால் ஒரே முறை சேற்றை எடுத்துச் சோதித்ததுதான் என்றார் அந்த மாணவி. அப்படியானால் சேற்றில் என்ன இருந்தது என்று சொல்லலாமே தவிர, எதனால் வந்தது என்று தலைப்பில் தீர்ப்பு எழுதக் கூடாது. ‘2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவுக்குப் பின் எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் ஹைட்ரோகார்பன் அளவு’ என்று மாற்றிக்கொண்டு போனார். அந்தப் பெண்ணின் முகத்தில் முதலில் ஏமாற்றம் தெரிந்தது உண்மை. பெரிய சொல் போய்விட்டதே என்ற ஏமாற்றம். படியிறங்கும்போது தேர்வாளர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று குறைந்தது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மருத்துவக் கட்டுரைகளை அவர் எடுத்துக்கொள்வதில்லை. அந்தத் துறைக்கென்று எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றன, அவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார். சமவாய்ப்பு முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய சோதனை என்றால் அதைத் தலைப்பிலேயே அடையாளம் காட்ட வேண்டும் என்று கான்சார்ட் நெறிமுறையும், ஒரு பொருளில் வந்த ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் முறைசார் மீளாய்வு என்றால் அவ்வாறே குறிப்பிட வேண்டும் என்று பிரிஸ்மா நெறிமுறையும் கேட்கின்றன. ‘ஓர் ஆய்வு’ என்ற வெற்றுத் தொடருக்கும் ‘நேர்காணல்கள்’, ‘சமவாய்ப்புச் சோதனை’ என்று முறையைப் பெயர்சொல்லிக் குறிப்பதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு அந்த உரையாடலில்தான் விளங்கியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி அனுப்பும் கடைக்காரரிடம் பணம் கொடுக்க மனம் தயங்குவதில்லை.

இந்தக் கட்டணத்திற்குள்ளேயே இன்னொரு வேலையும் நடக்கிறது. அதன் அருமை பலருக்குத் தெரிவதில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தலைப்பு திரையிலும் தாளிலும் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளின் கோவையாகத்தான் இருக்கிறது. அப்படியே பதிவேற்றினால் தேடுபொறிக்கு அது தமிழே அல்ல. எத்தனை நல்ல தலைப்பாக இருந்தாலும் யாருக்கும் அகப்படாது. முன்பகுதியில் இருக்கும் இளைஞர்கள் தலைப்பு, சுருக்கம், திறவுச்சொற்கள் மூன்றையும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றி, கைப்பேசியில் திறந்து காட்டி, அதன் பிறகே கோப்பைக் கொடுக்கிறார்கள். என் பழைய கட்டுரைகள் இரண்டு ஏன் எந்தத் தேடலிலும் வருவதில்லை என்ற காரணம் அன்றைக்குப் புரிந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, ஆங்கிலத் தலைப்பில் கடை வலுவாக இல்லை. இதழ் கேட்டதற்காக என் தலைப்பை ஆங்கிலத்திலும் எழுதித் தரச் சொன்னேன். அந்த வேலையை இளைஞர்களில் ஒருவர் செய்தார். தமிழில் ‘மீனவப் பெண்கள்’ என்பதை நீக்க அவ்வளவு பாடுபட்ட பிறகு, ஆங்கிலத்தில் ‘ஃபிஷர்விமன்’ என்று அதே தவறு திரும்பி வந்துவிட்டது. என் நெறியாளர் பார்த்துச் சொல்லாவிட்டால் அப்படியே அச்சேறியிருக்கும். மறுநாள் போய்ச் சொன்னதும் ஐயா வருத்தம் தெரிவித்து, ‘மீன் விற்கும் பெண்கள்’ என்ற பொருளில் ‘விமன் ஃபிஷ் வெண்டர்ஸ்’ என்று மாற்றிக் கொடுத்தார். கூடுதல் பணம் வாங்கவில்லை. இருந்தாலும் தமிழ்த் தலைப்பைத் திருத்தியவரே ஆங்கிலத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுப்பதுதான் முறை.

இரண்டாவது, முக்காற்புள்ளியை அவர் சற்று அதிகமாகவே நம்புகிறார். மேசையில் இருந்த திருத்தத் தாள்களில் ஏறக்குறைய எல்லாத் தலைப்பும் இரண்டு துண்டாகத்தான் இருந்தன. எட்டுச் சொல்லுக்குள் முடிந்துவிடும் தலைப்பை முறிக்க வேண்டிய தேவையில்லை. ஒரு கல்வெட்டு ஆய்வு மாணவருடைய எளிய தலைப்பை அவர் இரண்டாக்கியதில் எனக்கு உடன்பாடு இல்லை, அதை அவரிடமே சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டார், மாற்றவில்லை. மற்றபடி உட்கார இரண்டே நாற்காலிகள், சனிக்கிழமை மாலையில் நின்றுகொண்டே பேச வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

இந்தக் கட்டணம் தகுமா என்று துறையில் சிலர் கேட்டார்கள். தலைப்புக்கு 250 ரூபாயா என்ற வியப்பு இயல்பானதுதான். நான் கொடுத்த பணத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் என் ஆய்வைப் பற்றி மட்டுமே ஒருவர் பேசினார்; அந்தப் பேச்சின் முடிவில் தலைப்பு மட்டுமல்லாமல் கட்டுரையின் முன்னுரையில் இரண்டு பத்திகளும் மாறின, ஏனென்றால் வாங்கும் கடனையும் கொடுக்கும் கடனையும் உள்ளேயும் நான் கலந்துதான் எழுதியிருந்தேன். திருத்திய கட்டுரையை வேறோர் இதழுக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை, எனவே அதை வைத்து இங்கே எதையும் நிறுவ முடியாது.

ஆய்வேட்டுத் தலைப்புக்காக அடுத்த மாதம் மீண்டும் போகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் சினாப்சிஸ் (ஆய்வேட்டின் முன்சுருக்கம்) கொடுத்த பிறகு தலைப்பை மாற்றக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பதால், அதற்கு முன்னரே போய்விட வேண்டும் என்று இந்தக் கடைக்குப் போகும் எல்லாருக்கும் சொல்கிறேன். செவ்வாய், புதன் காலை பத்தரைக்குப் போனால் நாற்காலி கிடைக்கும். ஆய்வுச்சுருக்கத்தை இரண்டு படி எடுத்துக்கொள்ளுங்கள்; ஒன்றில் அவர் கோடு போடுவார், இன்னொன்று நம் கையில் இருக்கட்டும். கோடு போட்ட படியையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கொடுத்துவிடுகிறார். என்னுடையதில் ‘கடன்’ என்ற சொல்லின் கீழ் மூன்று கோடுகள் இருக்கின்றன.